ஜிப்சியை மலைக்குத் தயார் செய்வது: கேஜ் முதலில், பட்டை அடுத்து, சைலன்சர் கடைசி

பழைய மாருதி ஜிப்சி வாங்கியவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சைலன்சரில். காசு குறைவு, சத்தம் அன்றைக்கே காதில் விழும். இரண்டு மாதம் கழித்து வண்டியை உயர்த்துவார். யாரோ எங்கேயோ உருண்ட சேதி வந்தபிறகுதான் கேஜ், அதாவது வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் பைப் கூடு, நினைவுக்கு வரும். இந்த வரிசையே தலைகீழ். கேஜ் ஏறினால் எடை கூடும். அந்த எடையோடு வண்டி நிற்கும்போதுதான் பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) அளவு எடுக்க முடியும். பட்டை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிந்தால்தான் சைலன்சர் பைப்புக்கு எந்த வழி மிச்சம் என்று தெரியும். மாற்றிச் செய்தால் பைப்பை இரண்டு தடவை வெட்டி ஒட்ட வேண்டிவரும், பட்டை செட்டை இரண்டு தடவை இறக்கி ஏற்ற வேண்டிவரும்.

இங்கே சொல்வது 1.3 லிட்டர் பெட்ரோல் ஜிப்சி கிங்கை மனதில் வைத்து. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு மூலையிலும் பட்டை. மஹிந்திரா மேஜர், 540 மாதிரி பட்டை ஜீப் வைத்திருப்பவருக்கும் முக்கால்வாசி பொருந்தும். மஹிந்திரா தாருக்குத் தனியாக இடையில் சொல்கிறோம்.

வேலூரைச் சுற்றி ஓட்டுகிற நிலம் என்ன? பாலாற்று மணல், ஜவ்வாது மலை அடிவாரத்துக் கருங்கல் பாறை, மழை ஓடிப் பள்ளம் விழுந்த செம்மண் பாதை, கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் வெயில். சேற்றுக் காட்டுக்கு அமைத்த வண்டியின் படத்தைப் பார்த்து அதே மாதிரி இங்கே கட்ட வேண்டியதில்லை. 50 மிமீ உயரம், 215/75 ஆர்15 டயர், நல்ல ஷாக். இந்த ஊருக்கு இது போதும். கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மிமீ. 215/75 என்றால் சுமார் 703. பாதி வித்தியாசம், அதாவது 17 மிமீ, ஆக்ஸிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைக்கும். பாறையில் டிஃபரன்ஷியல் உருண்டை தட்டாமல் தப்பிப்பது டயர் தருகிற இந்த 17 மிமீயால்தான். பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்ஸில் இருந்த இடத்தில்தான் இருக்கும், உயர்வது சேசிஸும் உடலும் மட்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

முதலில் காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், உதிரி பாகம் சேர்த்து வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகைக்கு 190-ஆம் பிரிவு தனி. ஆகவே வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி வராத மாற்றத்தைத் தனியார் நிலத்திலும் போட்டிக் களத்திலும் மட்டும் ஓட்டுகிற வண்டிக்கே செய்யலாம், அங்கே டிரக்கில் ஏற்றிப் போவதுதான் முறை. ஜவ்வாது, அமிர்தி பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு ஒரு அடி இறங்கக் கூடாது.

கேஜ்

கேஜ் பற்றி முதலில் தெரிய வேண்டியது, அது ஹெல்மெட் போட்டவருக்கான பொருள். ஹெல்மெட் இல்லாமல் தினசரி ஓட்டுகிற வண்டியில் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புப் பைப் இருந்தால், சாதாரண மோதலில்கூட மண்டை போய் அதில்தான் அடிக்கும். ஊருக்குள் ஓட்டுகிற நாள்தான் அதிகம் என்றால் முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு மெயின் ஹூப் (தலைகீழ் யு மாதிரி வளைத்த பெரிய பைப்), இரண்டு பின்தாங்கி, ஒரு குறுக்குப் பைப், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விண்ட்ஷீல்டு ஓரமாக முன்கால் இறங்குகிற ஆறு கால் கேஜ் காட்டுக்கும் போட்டிக்கும்.

பைப் விஷயத்தில் சமாதானம் கூடாது. போட்டி விதிகளில் (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு எஃப்ஐஏ) மெயின் ஹூப்புக்குக் குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் கார்பன் ஸ்டீல், 45 மிமீ வெளிவிட்டம் 2.5 மிமீ கனம், அல்லது 50க்கு 2. மற்றவற்றுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. இழுவலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற தண்ணீர்ப் பைப், கேட் பைப் எதுவும் இதற்கு ஆகாது. அவற்றில் நீளவாக்கில் ஒரு தையல் ஓடும், வளைக்கும்போதே சில சமயம் அங்கே வாய் பிளக்கும். ஜிஐ பைப் என்றால் வெல்டிங்கில் துத்தநாகப் புகை வேறு, இரவு வெல்டருக்குக் குளிர்க் காய்ச்சல் வரும். ராணிப்பேட்டையில் பாய்லர் வேலை பார்க்கிற யூனிட்கள் இருப்பதால் பாய்லர் டியூப் துண்டு கிடைக்கும் என்று சொல்வார்கள். சீம்லெஸ்தான், ஆனால் கனம் பெரும்பாலும் அதிகம், எடை எகிறும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது டியூபை அல்ல, ஆளை. குழாய் வெல்டிங்கில் 6ஜி தேர்வு தேறிய வெல்டர் இந்தப் பக்கம் கிடைப்பது ஒரு வசதி. ஜன்னல் கம்பி ஒட்டுகிறவரிடம் கேஜைக் கொடுக்காதீர்கள்.

எடைக் கணக்கு: 45க்கு 2.5 பைப் மீட்டருக்கு 2.6 கிலோ, 38க்கு 2.5 பைப் மீட்டருக்கு 2.2 கிலோ. மெயின் ஹூப் 5 மீட்டர், மற்றவை 16 மீட்டர் என்று வைத்தால் 48 கிலோ. தகடு, போல்ட் சேர்த்து 55 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஒரு டன் வண்டியில் இந்த 55 கிலோ தரையிலிருந்து 1300 மிமீ உயரத்தில் உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் சுமார் 35 மிமீ மேலே போகும். அதற்கு மேல் கேஜ் தலையில் கேரியர், அதில் ஸ்டெப்னி, இரண்டு கேன் எரிபொருள் என்று ஏற்றுகிறவர், தான் உருளாமல் இருக்கப் போட்ட கேஜே தன்னை உருட்டுவதற்கு வழி செய்கிறார்.

முதலில் மாதிரி. 20 மிமீ எலக்ட்ரிகல் பிவிசி பைப்பைச் சூடு காட்டி வளைத்து உள்ளே பொருத்திப் பாருங்கள். ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு உட்கார வேண்டும், பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்கும் பைப்புக்கும் நாலு விரற்கடை, அதாவது 75 மிமீ, வெறுமையாக இருக்கட்டும். பின்தாங்கி செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குக் குறையாமல் சாய வேண்டும். ஜிப்சியில் பின்பகுதி நீளம் இருப்பதால் இது எளிதாக வரும்.

வளைவின் ஆரம் பைப்பின் நடுக்கோட்டில் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், 45 பைப்புக்கு 135 மிமீ. பிளம்பர் பெண்டரில் வளைத்தால் உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் தட்டையாகும். வளைவின் மேல் வெர்னியரை வைத்துச் சின்ன அளவைப் பெரிய அளவால் வகுங்கள். 0.9க்குக் குறைந்தால் அந்தப் பைப் கழிவு. 42.5-ஐ 47-ஆல் வகுத்தால் 0.904, தப்பித்தது. 41-ஐ 48-ஆல் வகுத்தால் 0.85, தூக்கிப் போடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பந்தல் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நாலு கால் நட்டுச் சதுரமாக மூங்கில் கட்டியபின் கையால் தள்ளினால் ஆடும், மூலைக்கு மூலை ஒரு கம்பு கட்டியதும் நிற்கும். கேஜும் அவ்வளவுதான். மெயின் ஹூப்பில் மூலைக்கு மூலை ஒரு 38 மிமீ பைப் இல்லையென்றால் பக்கவாட்டில் உருளும்போது ஹூப் சாய்ந்து படுத்துவிடும். பின்சீட்டுக்கு ஏற முடியவில்லை என்று இந்தக் குறுக்குப் பைப்பை விடச் சொல்கிறவர்கள் உண்டு. ஏறுவது முக்கியமா, நிற்பது முக்கியமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

கால் உட்காரும் இடம். ஜிப்சியின் தரைத் தகடு மெல்லியது, பழைய வண்டியில் பாய்க்கு அடியில் துரு அரித்திருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் முதலில் தகடு மாற்றும் வேலை. ஹூப்பின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மிமீ கனத்தில் 120 சதுர செமீ தகடு, அதாவது 12க்கு 10 செமீ. தரைத் தகட்டின் கீழே ஒன்று, மேலே காலோடு ஒட்டிய ஒன்று, நடுவில் தரை. இது சாண்ட்விச் மாதிரி இறுக வேண்டும். காலுக்கு மூன்று போல்ட், விதிப்படி எம்8, 8.8 கிரேடு. எங்கள் விருப்பம் எம்10, நைலாக் நட்டோடு, 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். பின்தாங்கிக்கு 60 சதுர செமீயும் இரண்டு போல்ட்டும் போதும்.

இதில் அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று. ஜிப்சியின் உடல் சேசிஸ் மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கிறது, பாறையில் ஏறும்போது இரண்டும் தனித்தனியாக முறுக்கும். கேஜின் சில காலை உடலிலும் சில காலைச் சேசிஸிலும் இறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் கேஜ் காலடியில் வந்து விழும், ஆறு மாதத்தில் தகடு கிழியும். எல்லாக் காலும் உடலில். சேசிஸ் வரை இறக்கியே ஆக வேண்டும் என்றால் உடல் ரப்பரின் பக்கத்தில், அதே கடினத்தில் ரப்பர் புஷ் வைத்து இறக்குங்கள்.

ஒட்டும் முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரை உருவிவிடுங்கள். எர்த் கிளாம்ப் ஒட்டுகிற இடத்துக்கு அரை அடிக்குள் இருக்கட்டும். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் குதறும். பெட்ரோல் டேங்க் பின்பக்கம் தரைக்கு அடியில் இருப்பதால் பின்தாங்கி ஒட்டும் நாளில் டேங்கை இறக்கி வண்டியை விட்டு வெகுதூரம் வைப்பதுதான் சரி, ஈரச்சாக்கு போதாது. பைப் முனையை ஹோல்சா வைத்து மீன்வாய் மாதிரி வெட்டி, இடைவெளி 1 மிமீக்குள் வரும்வரை அரம் போடுங்கள். எல்லா மூட்டிலும் முதலில் நாலு புள்ளி டாக், பிறகு கதவு மூடுகிறதா பார்த்து, எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றி முழுச் சுற்று வெல்டிங். மிக் என்றால் 0.8 மிமீ வயர், ஆர்கான் 80 கார்பன் டை ஆக்சைடு 20. ஜிப்சியில் மேற்கூரை கழன்று வருவதால் மேல் மூட்டுகளைச் சுற்றி ஒட்ட இடம் கிடைக்கும். ஒட்டியபின் அழகுக்காக வெல்டிங்கைக் கிரைண்டரில் வழிக்காதீர்கள், வழிக்கிற ஒவ்வொரு மிமீயும் பலம்தான்.

தலை, முழங்கால் படும் இடத்துக்குப் பேடிங். ஆம்பூரில் செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஈவிஏ ஷீட் மலிவு, பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் தலைக்கு ஆகாது. பந்து மாதிரி அடியைத் திருப்பித் தரும், வாங்கிக்கொள்ளாது. ரோல் கேஜுக்கென்று விற்கிற கெட்டி ஃபோம் வாங்குங்கள். முழங்கைப் பக்கத்துக்கு வேண்டுமானால் ஆம்பூர் ஃபோம்.

பட்டையும் ஷாக்கும்

கேஜ் ஏறியாயிற்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பெட்ரோல் பாதி, டூல், ஸ்டெப்னி எல்லாம் வைத்து, நாலு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் 10 மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பட்டை செட் தளர்ந்துவிட்டது. தளர்ந்த பட்டைக்கு மேல் ஷேக்கிளை (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸில் தொங்கவிடும் இணைப்பு) நீட்டி உயரம் காட்டுவது, சாய்ந்த சுவருக்கு வெள்ளை அடிப்பது.

உயர்த்த மூன்று வழி. நீள ஷேக்கிள், புதிய வளைவுள்ள பட்டை செட், பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றுவது.

ஷேக்கிளை 50 மிமீ நீட்டினால் வண்டி 25 மிமீதான் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது. ஜிப்சியில் முன்பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்ஸில் மூக்கு குப்புறச் சாயும், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் வளைவு முடிந்தும் தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். நீட்டும் முன்பே கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) மூடியின் தட்டைப் பரப்பில் கோணமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், போனில் உள்ள சாய்வு ஆப் போதும். நீட்டியபின் எத்தனை டிகிரி போனதோ அத்தனை டிகிரி ஆப்பைப் பட்டைக்கும் ஆக்ஸில் திண்டுக்கும் நடுவில் வையுங்கள். அலுமினிய ஆப்பு நசுங்கி நழுவும், இரும்பே சரி. ஆப்பின் கனத்துக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட் போட மறக்காதீர்கள். அதன் தலை திண்டின் ஓட்டையில் முழுசாக உட்காராவிட்டால் பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் நகரும், வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும்.

எங்கள் தேர்வு இரண்டாவது வழி. பட்டைக் கடையில் 40 மிமீ கூடுதல் வளைவோடு புதிய செட், அதோடு 20 மிமீ நீள ஷேக்கிள். மொத்தம் 50. பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்பார்கள். சில மாதத்தில் பழைய இடத்துக்கே உட்காரும். காஸ் கட்டரில் சூடு காட்டி வளைத்தால் இன்னும் மோசம், டெம்பர் போய் அந்த இடத்திலேயே ஒடியும். பட்டையின் மேல் வெல்டிங் பொறிகூட விழக் கூடாது. ஒரு கூடுதல் பட்டை சொருகிக் கடினமாக்குவதும் வேண்டாம். பாறையில் சக்கரம் தொங்கி இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் அந்தரத்தில் சுற்றும். கேஜ் எடைக்காகப் பின்பக்கம் மட்டும் அடியில் ஒரு குட்டைப் பட்டை சேர்ப்பது நியாயம்.

மூன்றாவது வழியில் ஒரேயடியாக 125 மிமீ போல உயரும், படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆக்ஸிலில் புதுத் திண்டு ஒட்ட வேண்டும், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு) பட்டையில் இடிக்கும், முடுக்கும்போது பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கொள்ளும், புரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டு போகும் தண்டு) கோணம் கெடும். டிராக் லிங்கைச் சூடு காட்டி வளைத்து ஒட்டித் தருகிறவரும் இருக்கிறார், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஸ்டீயரிங் ராடில் எந்த ஒட்டும் கூடாது. கணக்கும் பாருங்கள். சக்கரத் தடம் 1300 மிமீ, ஈர்ப்பு மையம் 650 மிமீ உயரத்தில் என்றால் வண்டி அசையாமல் நிற்கையில் கவிழும் சாய்வு 45 டிகிரி. மையம் 100 மிமீ ஏறினால் 41. ஓடும்போது பட்டை நசுங்கி, குலுங்கி, அதிலும் பெரும்பகுதி போய்விடும். மலைச்சரிவில் குறுக்கே போகும்போது அந்த நாலு டிகிரி பெரிய விஷயம்.

மாற்றும் வேலை எளிது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி, ஷாக்கைக் கழற்று, யு போல்ட்டை அறு, பட்டையை இறக்கு. பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டது. துருப்பிடித்த ஷேக்கிள் பின்னுக்கு முந்தின இரவே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி வையுங்கள். யு போல்ட் நாலையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். ஷேக்கிள் போல்ட்டை மட்டும் வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நிற்கும். சவாரி கட்டை மாதிரி ஆகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். "லிஃப்ட் பண்ணியதும் கல்லு மாதிரி இருக்கு" என்ற புகார் பாதி இதனால்தான்.

ஷாக் வாங்கும்போது "ரெண்டு இன்ச் லிஃப்டுக்குக் கொடுங்க" என்று கேட்காதீர்கள், அளந்து கேளுங்கள். உதாரணம்: நிற்கும்போது மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் வரை 400 மிமீ. பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே போய் முட்டும் ரப்பர்) தட்டும்வரை 75 மிமீ மேலேறும், அப்போது 325. சக்கரம் தொங்கும்போது 100 இறங்கும், அப்போது 500. ஆக ஷாக் 510 வரை விரிய வேண்டும், இல்லாவிட்டால் ஷாக்கே ஆக்ஸிலைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு ஆகிவிடும், கண் பிய்ந்து வரும். மூடும்போது 310-க்குள் அடங்க வேண்டும். ஆனால் 200 மிமீ ஓட்டமுள்ள ஷாக் 310-க்குள் மூடுவது நடக்காத காரியம், 330 போல்தான் கிடைக்கும். அப்போது பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் 20 மிமீ கட்டை வையுங்கள். கட்டை வைக்காமல் ஓட்டினால் முதல் பள்ளத்திலேயே ஷாக் உள்ளே முட்டி, அடிப்பக்கம் பிதுங்கும். வெயில் காலத்தில் மேடுபள்ளத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் சாதா ஆயில் ஷாக் நுரைத்துச் செத்துவிடும், கேஸ் ஷாக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண் போகாது. ராடில் ஒரு கேபிள் டை கட்டிவிடுங்கள். ஒரு ஓட்டம் போய் வந்தால் எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அது நின்ற இடம் சொல்லிவிடும்.

பிறகு தொங்கல் சோதனை. சேசிஸை ஜாக்கியில் தூக்கி நாலு சக்கரமும் தொங்கும்போது பிரேக் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் நீள ஹோஸ் போட வேண்டும், அல்லது சேசிஸ் பிராக்கெட்டை இறக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டின் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல் பகுதி) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று சாக்பீஸால் குறியுங்கள், உள்ளே பிடிப்பு குறைந்துவிட்டால் ஸ்பேசர். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸிலிருந்து தனியாக ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. அந்த ரப்பர் கிழிந்திருந்தால் ஷாஃப்ட் அதிர்வுக்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பின் ஆக்ஸில் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளித்தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் 60-இல் உறுமும்.

தார் வைத்திருப்பவருக்கு: 2010 முதல் 2020 வரை வந்த சிஆர்டிஇ தாரில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொடுத்து ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் கம்பி. போல்ட்டைத் திருகினால் வண்டி உயரும், ஆனால் ஓட்டம் கூடாது. தொங்கல் பக்கம் குறைந்து, டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி, ரப்பர் பூட் கிழியும். 25 மிமீக்கு மேல் போகாதீர்கள். 2020-க்குப் பிறகான தாரில் காயில் ஸ்பிரிங், ஏபிஎஸ், ஈஎஸ்பி எல்லாம் சேர்ந்து வேலை செய்வதால் அந்த வண்டிக்கென்று அளந்து செய்த கிட் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

சைலன்சர்

இப்போது ஒரு பக்க முன் சக்கரத்தையும் எதிர் மூலைப் பின் சக்கரத்தையும் கருங்கல் மேல் ஏற்றி நிறுத்துங்கள். ஆக்ஸில், ஷாஃப்ட், டயர் எங்கெல்லாம் வந்து போகிறது என்று அடியில் படுத்துப் பாருங்கள். சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு உருண்டை ஈரக் களிமண் அப்பிவிட்டு எதிர் மூலையையும் ஏற்றி இறக்குங்கள், நசுங்கியிருந்தால் அங்கே பைப் போகக் கூடாது. மிச்சமிருப்பதுதான் சைலன்சரின் வழி. எல்லா இடத்திலும் 25 மிமீ இடைவெளி, பிரேக் பைப், பெட்ரோல் பைப் பக்கத்தில் 50 மிமீயும் தடுப்புத் தகடும்.

பெரிய பைப் போட்டால் பவர் கூடும் என்பது 1.3 லிட்டர் இன்ஜினுக்குப் பொருந்தாது. பைப் அகலமானால் புகையின் வேகம் குறையும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போகும். மணலிலும் பாறையிலும் வேண்டியதே அந்த 1500 முதல் 2500 வரையிலான இழுவைதான். கம்பெனி விட்டத்தை ஒட்டி, அதிகபட்சம் 42 மிமீ, 1.5 மிமீ கனம். ஸ்டெயின்லெஸ் 409 போதும், 304 போட்டால் அதிக நாள் வரும். டர்போ டீசலுக்குக் கணக்கு வேறு, டர்போவுக்குப் பின்னால் பைப் கொஞ்சம் அகலமானால் நல்லதுதான். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃபை (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தொடவே கூடாது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கச் சொல்கிற யோசனையைக் காதில் போடாதீர்கள். புகைச் சோதனை தேறாது, சட்டப்படியும் தப்பு, இழுவையில் தெரிகிற மாதிரி லாபமும் இல்லை. ஆனால் அது எங்கே தொங்குகிறது என்பது இந்த ஊரில் உயிர் விஷயம். மாசி தாண்டினால் மலையடிவாரத்தில் மஞ்சம்புல் இடுப்பளவு காய்ந்து நிற்கும். சூடான கன்வெர்ட்டர் அதன் மேல் நின்றால் இரண்டு நிமிடத்தில் பற்றும். கன்வெர்ட்டரைச் சேசிஸ் சட்டத்தின் கீழ் விளிம்புக்கு மேலே தூக்கி, அடியில் ஓட்டை போட்ட 2 மிமீ தகடு 20 மிமீ இடைவெளியில் கட்டுங்கள். புல்வெளியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போகாதீர்கள், வண்டியில் 2 கிலோ பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் பெல்லோஸ் அவசியம். இன்ஜின் ரப்பரில் ஆடும், பைப் சேசிஸில் தொங்கும், நடுவில் வளைகிற துண்டு இல்லாவிட்டால் மேனிஃபோல்டே விரிசல் விடும். ஹேங்கர் எல்லாம் ரப்பர், இரண்டடிக்கு ஒன்று. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் அதன் திண்டைப் பைப்பின் மேல்பாதியில், கடிகாரத்தில் 10-க்கும் 2-க்கும் நடுவில் ஒட்டுங்கள். கீழ்ப்பாதியில் ஒட்டினால் காலையில் ஊறும் தண்ணீர் சென்சாரைக் கொல்லும்.

வாய் எங்கே திறக்க வேண்டும்? பின் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் விடுவது ஸ்டைல். தார்ப்பாய்க் கூரை போட்ட ஜிப்சியில் ஓடும்போது பின்பக்கம் காற்று சுழன்று அந்தப் புகை முழுவதும் உள்ளே வரும். தலைவலி, தூக்கம், கடைசியில் கார்பன் மோனாக்சைடு. பின் பம்பரைத் தாண்டி, கொஞ்சம் மேல்நோக்கி விடுங்கள். பாறையிலிருந்து இறங்கும்போது வால் தரையில் குத்தி நசுங்காத உயரம் வேண்டும். தண்ணீரில் இன்ஜின் ஓடும்வரை சைலன்சர் முழுகினாலும் பரவாயில்லை, அங்கே நின்றுபோனால்தான் தண்ணீர் உள்ளே ஏறும்.

முடிந்தபின் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வாயைத் துணியால் அரை நிமிடம் லேசாக மூடி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் மூட்டைத் திரும்ப ஒட்டுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் 100 கிமீ வெறும் தார் ரோடு. வந்ததும் யு போல்ட், கேஜ் போல்ட் எல்லாம் மறுபடி டார்க் ரெஞ்ச். ஸ்டீயரிங் நேராக நிற்காமல் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி மாட்டாதீர்கள், டிராக் லிங்க் நீளத்தைத் திருத்துங்கள். அடுத்து ஏலகிரி. அந்த 14 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஒவ்வொரு வளைவு முடிவிலும் கையைத் தளர்த்திப் பாருங்கள், ஸ்டீயரிங் தானே நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் காஸ்டர் ஆப்பு இன்னும் ஒரு டிகிரி. இறங்கும்போது பிரேக் மிதி ஆழமாகப் போகிறதா, புது ஹோஸில் கசிவு உண்டா என்று அடிவாரத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் மணல். டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு இறங்கும். பாலாற்றில் பழைய மணல் குழிகள் மேலே மூடி, உள்ளே பொலபொலவென்று கிடக்கும், நடந்து பார்க்காத இடத்தில் வண்டியை விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கன்வெர்ட்டர் தடுப்புத் தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் சிக்கியிருக்கிற காய்ந்த புல்லைக் கம்பியால் குத்தி எடுங்கள், வண்டி ஆறியபிறகு. 500 கிமீயில் யு போல்ட்டுக்கு இன்னொரு முறுக்கு.